பிளைன் துணியில தைச்சா யூனிஃபார்ம் மாதிரியே இருக்கு, தையலும் சுருங்குது, என்ன பண்ணலாம்?

கரூர்மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம்தான் தையல் கிளாஸ் முடிச்சேன். பொண்ணுக்கு ஃப்ராக், எனக்கு நைட்டி, தலையணை உறைன்னு எல்லாம் பூப்போட்ட துணியிலயே தைச்சிட்டு இருந்தேன், யாரும் ஒரு குறையும் சொன்னதில்ல. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள பிடிச்சது பிளைன் கலர்தான், ரெடிமேட்ல ஒரு சம்கியோ பிரிண்டோ இல்லாம குர்தா தேடி தேடி அலுத்துப் போய்தான் தையலே கத்துக்கிட்டேன். போன மாசம் பாட்டில் பச்சையில பாப்ளின் அஞ்சு மீட்டர் எடுத்தேன், 44 இஞ்ச் பன்னா (துணியோட அகலம்), ரெண்டு குர்தா ஆகும்னு கணக்கு.

முதல் குர்தா தைச்சு போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா எனக்கே ஸ்கூல் யூனிஃபார்ம் ஞாபகம் வருது. சைடு தையல் அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் சின்னச் சின்னதா சுருங்கி அலை அலையா நிக்குது. ஒரு இடத்துல பிரிச்சு திரும்ப தைச்சேன், பழைய ஊசி ஓட்டை எறும்பு வரிசை மாதிரி தெரியுது. துவைச்சதும் நீளம் வேற ஒண்ணரை இஞ்ச் ஏறிடுச்சு. பூத்துணியிலயும் இதெல்லாம் நடந்திருக்கும் போல, கண்ணுக்குத் தெரியாம போயிருக்குன்னு இப்பதான் புரியுது. மிஷின் அம்மாவோட பழைய கருப்பு கால் மிஷின், ஊசி 16ஆம் நம்பர், பாலியஸ்டர் நூல். மீதி ரெண்டரை மீட்டர் அப்படியே இருக்கு, வெட்ட கை வரமாட்டேங்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரைத்தையல்:
16ஆம் நம்பர் ஊசின்னு படிச்ச உடனேயே பாதி விஷயம் புரிஞ்சிடுச்சு தங்கச்சி. அது ஜீன்ஸ், பை, திரைச்சீலை தைக்கிற ஊசி. பாப்ளின் நெருக்கமா நெய்த துணி, அதுல அவ்ளோ தடி ஊசி இறங்கினா இழை ஒதுங்க இடமில்லாம பக்கத்து இழையைத் தள்ளும், அந்த நெருக்கடிதான் அலை அலையா மேல தெரியறது. 11 போடுங்க, புது ஊசியா போடுங்க. பாலியஸ்டர் நூலை பாபின்ல (கீழ் நூல் சுத்தற சின்ன உருளை) வேகமா சுத்தினா இழுபட்டு ஏறும், தைச்சு முடிச்சதும் பழைய நீளத்துக்கு சுருங்கும், அப்ப துணியையும் சேர்த்து இழுத்துக்கும். அதனால பாபினை மெதுவா சுத்துங்க, மேல் நூல் டென்ஷனை (இறுக்கத்தை) கொஞ்சம் தளர்த்துங்க, தையலும் ரொம்ப நெருக்கமா வேண்டாம், இஞ்சுக்கு பத்து போதும். தைக்கும்போது முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு கை வச்சு துணியை லேசா விறைப்பா பிடிச்சுக்கோங்க, ஆனா இழுக்கக்கூடாது, இழுத்தா ஊசி ஒடியும்.

எங்கப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புதுமண்டபத்துல தூணுக்கு நடுவுல மிஷின் போட்டு தைச்சவரு. திருமலை நாயக்கர் கட்டின மண்டபம், இப்ப அந்தக் கடைங்க எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. கத்துக்க வர்ற பசங்களுக்கு முதல்ல காடா துணிதான் (வெளுக்காத, சாயம் போடாத பருத்தி) கொடுப்பாரு, பூத்துணி கைல கொடுக்கவே மாட்டாரு, அதுல தப்பு ஒளிஞ்சுக்கும்னு சொல்லுவாரு. ஒவ்வொரு தையல் போட்டதும் இஸ்திரி போடச் சொல்லுவாரு, கடைசில மொத்தமா போடறது கணக்கே இல்ல. முதல்ல தையல் மேலயே ஒரு தடவை அழுத்தி எடுத்துட்டு அப்புறம் விரிச்சு வச்சு அழுத்தணும். உங்க முதல் குர்தாவுல இத மட்டும் செஞ்சு பாருங்க, அலை கொஞ்சம் அடங்கும். ஊசி ஓட்டைக்கு, தண்ணி தெளிச்சு நகத்தால ரெண்டு பக்கமும் குறுக்க சுரண்டிட்டு இஸ்திரி போடுங்க, பருத்திங்கறதால பெரும்பாலும் மூடிக்கும்.

மார்க் பண்ண கலர் சாக் வேண்டாம், பிளைன் துணியில கறை நின்னுடும். குளிச்சு தேய்ஞ்சு போன வெள்ளை சோப்பு சில்லை காய வச்சுக்கோங்க, ஓரம் கத்தி மாதிரி இருக்கும், பச்சை துணியில கோடு பளிச்சுன்னு விழும், தண்ணி பட்டா போயிடும்.

சாரல்:
வெட்டறதுக்கு முன்னாடி துணியை உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வைங்க அக்கா, சாயம் போகாம நிக்கும். நான் எல்லா டார்க் கலருக்கும் அப்படித்தான் பண்றேன்.

திருப்பூர்கட்டிங்:
ஊற வைக்கிறது ரொம்ப சரி, உப்பு மட்டும் தேவையில்லைங்க. சாயத்தொட்டியில உப்பு போடறது சாயம் தண்ணியை விட்டு நூல்ல ஏறதுக்கு. சாயம் போட்டு முடிஞ்ச துணிக்கு நாம வீட்ல உப்பு போட்டா ஒட்டாம மிஞ்சி நிக்கிற சாயம் கெட்டியாகாது, அது கழுவித்தான் போகணும். சாதா தண்ணியில ஊற வச்சு, தெளிவா வர்ற வரைக்கும் தனியா ரெண்டு மூணு அலசு அலசி, முறுக்காம நிழல்ல காய வைங்க. கடைக்கஞ்சியும் போகும், சுருங்கற அளவு இப்பவே சுருங்கிடும். உங்களுக்கு ஒண்ணரை இஞ்ச் ஏறினது இத செய்யாததாலதான்.

நான் கட்டிங் செக்‌ஷன்ல இருக்கேன், பிளைன் கலர்ல எங்களுக்கு பெரிய தலைவலி ஷேடுதான். ஒரே பச்சைதான், ஆனா ரோலுக்கு ரோல் ஒரு பொட்டு மாறும். அதனால வெட்டின ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் ஒட்டி, ஒரு ரோல்ல வந்த முன்பக்கத்தோட அதே ரோல் கையைத்தான் சேர்ப்போம். நீங்களும் துணி பத்தலன்னு அதே கடையில மறுபடி எடுத்து கை மட்டும் வச்சுடாதீங்க, டியூப்லைட்ல ஒண்ணா தெரியும், வெயில்ல வந்தா கை தனியா தெரியும். வாங்கும்போதே முழுசா பிரிச்சு வாசல் வெளிச்சத்துல பாருங்க, ரொம்ப நாள் அலமாரியில இருந்த துணியா இருந்தா மடிப்பு வழியே வெளுத்து ஒரு கோடு ஓடும், அது எத்தனை துவைப்புக்கும் போகாது. பாப்ளின்ல உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாது, அதனால ஒரு பக்கத்தை முடிவு பண்ணி வெட்டின உடனே எல்லா பீஸ்லயும் பின்னாடி சோப்புல பெருக்கல் குறி போட்டுடுங்க.

சேலம்_நூல்கண்டு:
யூனிஃபார்ம் மாதிரி இருக்குன்னு சொன்னீங்கல்ல மல்லி, அதுக்கு காரணம் கலர் இல்லப்பா. விறைப்பான துணி, நேர் கட்டு, மேல எதுவுமே இல்லாம பலகை மாதிரி ஒரு பரப்பு, இந்த மூணும் சேர்ந்தா எந்தக் கலரும் யூனிஃபார்ம்தான். அடுத்த தடவை மல்மல், கேம்ப்ரிக் மாதிரி மெல்லிசான பருத்தி, இல்லனா கதர் எடுங்க. கதர்ல கைநூல் அங்கங்க தடிச்சு மெலிஞ்சு வரும், அந்த ஏற்ற இறக்கமே ஒரு டிசைன், காந்தி ஜெயந்தி சமயத்துல தள்ளுபடியும் இருக்கும். 

இருக்கிற பாப்ளினுக்கு நான் என்ன பண்ணுவேன்னா, முன்பக்கம் அதே பச்சை நூல்ல பின்டக் போடுவேன், அதாவது துணியை மெல்லிசா மடிச்சு மடிப்போரமா தைக்கிற கோடு. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் நடுவுல இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு, ஒவ்வொண்ணும் அரைக்கால் இஞ்ச். வெளிச்சம் சாய்வா விழறப்ப கோடு கோடா நிழல் விழும் பாருங்க, பிரிண்ட் துணியில இது போட்டா யாருக்கும் தெரியவே தெரியாது, பிளைன்ல மட்டும்தான் இந்த அழகு. ஒரு டக் கால் இஞ்ச் துணி சாப்பிடும், பதினாறுக்கு நாலு இஞ்ச். அதனால டக் முதல்ல தைச்சு, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் பேட்டர்ன் வச்சு வெட்டணும். முன்னையும் பின்னையும் பக்கத்துல பக்கத்துல வச்சா 44 பன்னாவுல பத்தாது, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வைங்க, ஓரத்துல மிச்சம் ஓடற துணியில கை வந்துடும். கழுத்து வெட்டின உடனே ஓரமா ஒரு தையல் ஓட்டிடுங்க, வளைவுல துணி கிராஸா (நெசவுக்குச் சாய்வா) வர்றதால இழுத்துக்கும். நூல் கடையில துணியைக் கொண்டு போய் ஒரே ஒரு இழை பிரிச்சு துணி மேல வச்சுப் பாருங்க. கண்டுல இருக்கிறத விட தைச்சா வெளுப்பா தெரியும், அதனால சந்தேகம்னா ஒரு ஷேட் கருப்பா எடுங்க.

கரூர்மல்லி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை துணியை ஊற வச்சேன், மூணாவது அலசுல தண்ணி தெளிஞ்சது, அளந்தா ரெண்டரை மீட்டர்ல மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கு. 11ஆம் நம்பர் ஊசி போட்டு வெட்டுத்துண்டுல ஓட்டிப் பார்த்தேன் மதுரை அண்ணே, ஒரு சுருக்கம் இல்ல, கை வச்சு தடவி தடவி பார்த்துட்டே இருந்தேன். நேத்து ராத்திரி பதினாறு டக்கும் போட்டு முடிச்சேன், ஆறாவது மட்டும் கீழ ஒரு நூல் அளவு சாஞ்சிருந்தது, பிரிச்சு தண்ணி தெளிச்சு நகத்தால சுரண்டி இஸ்திரி போட்டேன், ஓட்டை தேடினாலும் கிடைக்கல. இன்னைக்கு வெட்டப் போறேன். முன்னாடி கழுத்துல சின்ன பட்டி வச்சு மூணு கொட்டாங்குச்சி பட்டன் வைக்கலாம்னு ஆசை, பட்டிக்கு உள்ள விறைப்புக்கு கேன்வாஸ் கொடுக்கணுமா இல்ல அதே துணியை ரெட்டையா மடிச்சா போதுமா?

மதுரைத்தையல்:
அதே துணி போதும்மா, பாப்ளின் தானா நிக்கும். பட்டன் வைக்கிற மூணு இடத்துக்கு மட்டும் உள்ள ஒரு சின்ன துண்டு துணி கொடுங்க, பட்டன் இழுத்து கிழியாது. காஜா (பட்டன் ஓட்டை) மிஷின்ல வேண்டாம், கையால எடுங்க, பொறுமையா.