சோமனூர் பக்கம் கூட்ஸ் இழுத்துப்போன ரெட்டைக் கேபின் டீசல் இன்ஜின், இது எந்த வகை?

தறிக்காரன்:
வணக்கம்ங்க. நேற்று சாயங்காலம் சோமனூருக்கும் வஞ்சிபாளையத்துக்கும் நடுவில் கேட் போட்டிருந்தார்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து மூடின பெட்டிகளோடு ஒரு கூட்ஸ் வந்தது, முன்னால் டீசல் இன்ஜின். இந்த லைனில் டீசலைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ஆனால் சின்ன வயசில் பார்த்த மாதிரி ஒரு பக்கம் நீட்டு மூக்கு இல்லை, இரண்டு கோடியிலும் டிரைவர் கேபின், கரும்புகையும் இல்லை. நம்பர் 40 என்று தொடங்கியது, மீதியைப் படிப்பதற்குள் போய்விட்டது. மேலே கரண்டுக் கம்பி இருக்கும்போது இது எதற்குங்க?

நாட்ச்_எட்டு:
40 வரிசை, இரண்டு கேபின் என்றால் டபிள்யூடிபி-4டி (WDP-4D) வகை இன்ஜின்தான். அதே வரிசையில் ஒற்றைக் கேபின் 4பி-யும் (4B) உண்டு, அது இல்லை. அமெரிக்க இஎம்டி கம்பெனியின் வடிவமைப்பு, வாரணாசியில் கட்டியது, 4500 குதிரைத்திறன். WDP என்ற பெயரில் வரும் ‘பி’ (P) பயணிகள் வண்டிக்கானது, அதனால் கூட்ஸில் பார்த்தால் கொஞ்சம் விசேஷம்தான். கூட்ஸுக்கென்று கட்டியது டபிள்யூடிஜி-4, நம்பர் 12 அல்லது 70 என்று ஆரம்பிக்கும்.

புகை விஷயம் சொன்னீர்களே, நீங்கள் சின்ன வயசில் பார்த்தது ஆல்கோ, அது இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் பழைய வடிவமைப்பு. அதில் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, சுற்றுவது வெளியேறும் புகையின் வேகத்தில் மட்டும்தான், டிரைவர் நாட்ச் (வேகப்பிடியின் படி) ஏற்றியதும் டீசல் முதலில் போய்விடும், காற்று பின்னால்தான் வரும், அந்த இடைவெளியில்தான் குப்பென்று கருப்பாகத் தள்ளும். இஎம்டி டூ ஸ்ட்ரோக். மெதுவாக ஓடும்போது டர்போவை இன்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுற்றிவிடும், காற்றுக்குப் பஞ்சமில்லை.

பழைய_கார்டு:
தம்பி, பெட்டி லோடா காலியா? அதைச் சொல்லாமல் விசேஷமா இல்லையா என்று பேச முடியாது. காலிப் பெட்டி என்றால் தடதடவென்று குதித்துக்கொண்டு போகும், லோடு என்றால் போகியில் (பெட்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிய சட்டம்) ஸ்பிரிங் அமுங்கி, தண்டவாளமே கேட் ஓரத்தில் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

தறிக்காரன்:
தடதடவென்றுதான் போச்சுங்கய்யா. பக்கத்தில் நின்றவர் பேசினது காதில் விழவே இல்லை.

பழைய_கார்டு:
அப்போ காலி ரேக் (சேர்த்து மாட்டிய பெட்டி வரிசை). பயணிகள் இன்ஜினுக்கு கியர் வேகத்துக்காக வைத்தது, நின்ற இடத்திலிருந்து கிளப்பும் இழுவை கூட்ஸ் இன்ஜினை விடக் கம்மி. காலி ரேக்குக்கு அது தாராளம். லோடு ரேக் 4000 டன்னைத் தாண்டும், ஏற்றத்தில் சிக்னலுக்கு நின்றுவிட்டால் சக்கரம் வழுக்கும். ஆனால் ஒன்று, இதில் மூன்று ஃபேஸ் ஏசி மோட்டார். பழைய டிசி மோட்டாரை முழு இழுவையில் ஊர்ந்துபோக விட்டால் சூடேறிக் கருகிவிடும், இது தாங்கும்.

கம்பி இருந்தும் டீசல் ஏன் என்றால், மெயின் லைனில்தான் கம்பி. கூட்ஸ் ஷெட்டிலும் சைடிங்கிலும் (கிடங்கு, ஆலைக்குள் பிரிந்துபோகும் கிளைத் தண்டவாளம்) மேலேயிருந்து கிரேனோ ஜேசிபியோ வைத்து ஏற்றி இறக்குகிற இடத்தில் கம்பி போட மாட்டார்கள், எண்ணெய்க் கிடங்குக்குள் கேட்கவே வேண்டாம். அங்கே எலெக்ட்ரிக்கைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டணும். பக்கத்துக் கிடங்குக்குப் போகிற ரேக் என்றால் எடுத்த இடத்திலிருந்தே டீசலை மாட்டிவிடுவார்கள், வேலை மிச்சம்.

ஓமலூர்_ஜங்ஷன்:
எங்கள் ஓமலூர், தருமபுரி, ஓசூர் லைனில் கொஞ்ச வருஷம் முன்பு வரை எக்ஸ்பிரஸ் எல்லாம் டீசல்தான், பெங்களூரு கிருஷ்ணராஜபுரம் ஷெட்டின் (இன்ஜின் பராமரிக்கும் இடம்) 4டி நிறைய வரும். இப்போது கம்பி போட்டாகிவிட்டது, எக்ஸ்பிரஸுக்கு எலெக்ட்ரிக் வந்துவிட்டது. அதற்காக நல்ல இன்ஜினைச் சும்மா நிறுத்தி வைப்பார்களா? கிடைத்த கூட்ஸில் மாட்டி அனுப்புகிறார்கள். நாட்ச்_எட்டு அண்ணா விசேஷம் என்கிறார், என்னைக் கேட்டால் இனி இதுதான் வழக்கம்.

நாட்ச்_எட்டு:
சரி, உங்கள் லைனில் வழக்கம். திருப்பூர்-கோவை லைனில் இன்னும் விசேஷம்தான், விட்டுக்கொடுக்க மாட்டேன் :) தறிக்காரன், அடுத்த தடவை பார்த்தால் நம்பரை விடுங்கள், இன்ஜின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் பெயரைப் பாருங்கள். அல்லது இருகூரில் நின்று பாருங்கள், கூட்ஸ் கோவை ஊருக்குள் போகாமல் போத்தனூருக்கு நேராகத் திரும்பும், வளைவில் மெதுவாகப் போவதால் படிக்க நேரம் கிடைக்கும்.