சுருள் முடிக்கு மருதாணி பூசினால் வறட்சி ஏற்படுமா?

கேள்வி: சாயம் எதுவும் படாத என் சுருள் முடிக்கு மருதாணிப் பொடி பூசத் தொடங்கியபின், முடி தடிமனாகத் தெரிந்தாலும் மிகவும் வறண்டு, சுருளும் தளர்கிறது. இது இயல்புதானா?

மறுமொழி 1: இயல்புதான். மருதாணியிலுள்ள லாசோன் என்னும் நிறமி முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைவதால், அடுத்தடுத்துப் பூசும்போது படிவு சேர்ந்து, சிலருக்குச் சுருள் தளர்ந்துவிடுகிறது. இனிமேல் புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசி, அலசியபின் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள்.

மறுமொழி 2: எலுமிச்சைச் சாற்றில் குழைக்கிறீர்களா? அதுவும் வறட்சியைக் கூட்டும். வெதுவெதுப்பான நீரே போதும்.

மறுமொழி 3: பொதியில் 'கருப்பு மருதாணி' என்றிருந்தால் உட்பொருள்களைப் படித்துப் பாருங்கள், தூய மருதாணி செம்பழுப்பு நிறத்தையே தரும் என்பதால், கருமைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கக்கூடிய பாரா-பினைலீன்டையமின் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். வறட்சியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.