வீடியோ அழைப்பில் நர்ஸ் வழிகாட்டுவது படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் போதுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எழுபத்திரண்டு வயதான என் அம்மாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. மூக்கு வழியாக உணவு ஊற்ற ரைல்ஸ் டியூபும் சிறுநீர் இறங்கக் கதீட்டர் குழாயுமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. நானும் என் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டோடு ஒரு நர்ஸை வைத்துக்கொள்ள எங்கள் வருமானம் இடம் கொடுக்காது. மாதக் கட்டணத்துக்கு வீடியோ அழைப்பில் நர்ஸ் வழிகாட்டுவார் என்று ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. எங்கள் வீடு சந்துக்குள் மாடியில் இருக்கிறது, மழை பெய்தால் ஆட்டோகூட உள்ளே வராது என்பதால் அந்த ஏற்பாட்டை விடவும் மனமில்லை. அம்மாவைத் தொட்டே பார்க்காத ஒருவரின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி (ராயபுரம், ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்)

தம்பி, பல ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு தொலைபேசியில் நோயாளிகளின் வீட்டாருக்கு ஆலோசனை சொன்னவள் என்ற முறையில் எழுதுகிறேன். இது நேற்று முளைத்த வேலை அன்று. இங்கிலாந்தில் 1998இல் தொடங்கிய என்எச்எஸ் டைரக்ட் என்ற அரசுத் தொலைபேசி மருத்துவ ஆலோசனைச் சேவையில், அழைத்தவரிடம் விசாரித்து, வீட்டிலேயே சமாளிக்கலாமா, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று பிரித்துச் சொன்னவர்கள் நர்சுகளே.

நல்ல நர்ஸை அவர் கேட்கும் கேள்விகளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கஞ்சி ஊற்றுவதற்கு முன், மூக்கருகே டியூபில் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா, தலைமாட்டை உயர்த்தியிருக்கிறீர்களா என்று கேட்பார். குறி நகர்ந்திருந்தால் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. டியூபின் முனை இடம் மாறியிருந்தால் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். கதீட்டர் என்றால், காலையிலிருந்து பையில் எவ்வளவு சேர்ந்தது, குழாய் மடங்கி அம்மாவின் தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, அடிவயிறு உப்பிக் கெட்டியாக இருக்கிறதா என்று கேட்பார். குழாயில் மடிப்பு இல்லாமலும் பல மணி நேரம் சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால், அதற்குமேல் ஃபோனில் செய்ய ஒன்றுமில்லை, மருத்துவமனைக்குத்தான் கிளம்ப வேண்டும்.

படுக்கைப்புண் விஷயத்தில் மட்டும் கேமராவை நம்பிவிடாதீர்கள். நம் மாநிறத் தோலில் தொடக்கநிலைச் சிவப்பு நேரில் பார்த்தாலே சட்டென்று பிடிபடாது; டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபோனில் எப்படித் தெரியும்? அதனால் நான், புறங்கையை அம்மாவின் குதிகால் மீதும் முதுகின் கீழ்ப்பகுதி எலும்பின் மீதும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால் அங்கே புண் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த இடம் மெத்தையில் அழுந்தாதபடி திருப்பிப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று, நர்ஸ் தாமாக மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலில் அந்த அதிகாரம் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டுமே உண்டு. பேசுபவர் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

மறுமொழி (காசிமேடு)

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். நாங்கள் பணம் கட்டிய சேவையில் ஒவ்வொரு முறையும் வேறொரு நர்ஸ் வருவார். முந்தைய நாள் என்ன பார்த்தார்கள் என்ற குறிப்பு யாரிடமும் இருக்காது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பதினோரு நாட்களில் ஐந்து பேர் படத்தைப் பார்த்து, ‘ஆறிக்கொண்டு வருகிறது’ என்றார்கள். வாடை வருகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கட்டைப் பிரிக்கும்போதே வாடை வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நாங்களே ஒரு நோட்டுப் போட்டோம். தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அதே தூரத்திலிருந்து படம் எடுப்போம். நீளம், அகலம், கசிவு, வாடை, சர்க்கரை அளவு ஆகியவற்றை எழுதிவைப்போம். இப்போது யார் அழைப்பில் வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறோம். தயவுசெய்து நீங்கள் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, அப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்துப் போனது. இன்றே நோட்டு வாங்கிவிடுகிறேன். அம்மா தூக்கத்தில் டியூபைப் பிடித்து இழுக்கிறார். நள்ளிரவில் அது வெளியே வந்துவிட்டால், வீடியோவில் சொல்லச் சொல்ல நாங்களே திரும்பப் போடலாமா?

மறுமொழி (ராயபுரம், ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்)

வேண்டவே வேண்டாம், தம்பி. எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும் செய்யாதீர்கள். வெளியே வந்துவிட்டால் வாய் வழியாக எதையும் கொடுக்காமல், தலைமாட்டை உயர்த்தி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன், நேரில் ஆள் தேவைப்பட்டால் யாரை, எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்புவீர்கள் என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கையோடு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயரைச் சேர்க்கக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சும் பிசியோதெரபிஸ்டும் அத்திட்டத்தில் இருக்கிறார்கள், அதற்குக் கட்டணமும் கிடையாது.