பெரியப்பாவின் அடுத்த பேண்டிங்

திருச்சி அத்தை: அண்ணன் மறுபடியும் ரத்த வாந்தி எடுத்தாரா? பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அக்கா: இல்லை அத்தை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்ததோடு சரி. அன்றே எண்டோஸ்கோபி வழியாக, உணவுக்குழாயில் புடைத்திருந்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டுவிட்டார்கள். அதைத்தான் பேண்டிங் என்கிறார்கள்.

சித்தப்பா: குடிக்காதவருக்கு இது எப்படி வந்தது என்று ஊரே கேட்கிறது.

பெரியம்மா: நாற்பது ஆண்டுகளில் அவர் ஒரு நாளும் மதுவைத் தொட்டதில்லை. ஊருக்கு அதைச் சொல்லுங்கள்.

அக்கா: சித்தப்பா, மது ஒரு காரணம் மட்டுமே. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும், சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். அப்பாவுக்குக் கொழுப்பால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது. குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும் ரத்தத்துக்கு அங்கே வழி கிடைக்காததால் அழுத்தம் ஏறி, அந்த ரத்தம் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அவைதான் புடைத்து வெடிக்கின்றன. கல்லீரல் நன்றாக இருந்தும் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்தால், குழந்தைகளுக்குக்கூட இது வரும்.

திருச்சி அத்தை: அம்மாவுக்குக் கடைசியில் மலம் தார்போலக் கருப்பாகப் போனதே. அதுவும் இதுதானோ?

அக்கா: பாட்டிக்கு எண்டோஸ்கோபியே செய்யவில்லையே, அத்தை. அப்பாவுக்கு அப்படிப் போனால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியம்மா: ப்ரோப்ரனலால் போட்டால் நாடி குறைகிறது என்று நேற்றிலிருந்து அவர் அதை நிறுத்திவிட்டார்.

அக்கா: அம்மா, அவரை நிறுத்த விடாதீர்கள். அந்த மாத்திரை போர்ட்டல் அழுத்தத்தைத் தணிப்பது. நாடி நிமிடத்துக்கு 55 முதல் 60 வரை இருப்பதையே மருத்துவர் எதிர்பார்க்கிறார். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ உடனே அவரிடம் பேசுவோம். நாமாக நிறுத்தினால் மீண்டும் ரத்தம் கசியலாம். சித்தப்பா கொடுத்த மூட்டுவலி மாத்திரையையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

சித்தப்பா: வலியில் துடித்தாரே என்றுதான் கொடுத்தேன்.

அக்கா: தெரியும் சித்தப்பா, யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரை டைக்ளோஃபெனாக்; அது ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தையும் மோசமாக்கும். சிரைகள் முழுவதும் மறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பேண்டிங் செய்ய வேண்டும். அடுத்தது வெள்ளிக்கிழமை.

திருச்சி அத்தை: அன்றுதானே வளைகாப்பு?

பெரியம்மா: வளைகாப்பைத் தள்ளிவைக்க அவர் சம்மதிக்க மாட்டார்.

சித்தப்பா: காலையில் நான் அழைத்துப் போகிறேன். கார் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

அக்கா: முதலில் இன்றைய மாத்திரையைப் போட்டாரா, அம்மா?

பெரியம்மா: மருத்துவரிடம் கேட்டுச் சொன்னால் போடுகிறேன் என்கிறார். நீயே அவரிடம் பேசு.