சென்ட்ஓஎஸ் 7-ல் இருக்கும் போஸ்ட்கிரஸை எதற்கு மாற்றலாம்?

கேள்வி:
மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றின் பில்லிங் டேட்டாபேஸ் என் பொறுப்பில் இருக்கிறது. ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ் வகை), டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரஸ் 12. இரண்டுக்கும் 2024-லேயே ஆதரவு முடிந்துவிட்டது. புது சர்வர் வந்தாயிற்று. லினக்ஸிலேயே டெபியன் 12 போடலாமா, ராக்கி 9-ஆ? முதலாளி விண்டோஸ் என்கிறார். எதுவானாலும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (பழைய சர்வரோடு சேர்ந்தே ஓடும் அச்சு அசல் நகல்) எடுத்து, கடை மூடியதும் மாற்றிவிடலாம் என்று திட்டம்.

பதில் 1:
லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு அப்படி ரெப்ளிகா எடுக்க முடியாது. முதலாளியிடம் லைசென்ஸ் விலையைக் காட்டுங்கள், தானாக அடங்கிவிடுவார்.

பதில் 2:
ஓஎஸ்ஸை விட உங்கள் கடைசி வரிதான் உறுத்துகிறது. அந்த ரெப்ளிகா வேண்டவே வேண்டாம்; பழைய இண்டெக்ஸையும் (தேடுவதற்காக வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்) அது அப்படியே நகலெடுத்துவிடும். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் ஜிலிப்சியிடம்தான் (glibc, லினக்ஸின் அடிப்படை நூலகம்) கேட்கும். உங்களிடம் இருப்பது 2.17. 2018-ல் வந்த 2.28-ல் அந்த விதிகள் மாறிவிட்டன. ராக்கி 9-ல் 2.34, டெபியன் 12-ல் 2.36, எங்கே போனாலும் தப்பிக்க முடியாது. பழையதில் '11' முன்னால், '1-1' பின்னால். புதியதில் தலைகீழ். மருந்து பேட்ச் எண்களில் கோடு இல்லாமல் இருக்குமா? பழைய இண்டெக்ஸோடு புது ஓஎஸ்ஸில் தேடினால், இருக்கிற சரக்கை இல்லை என்று சொல்லும். யூனிக் (ஒரு எண் ஒரு தடவைதான்) என்று வைத்த இடத்தில் ஒரே எண் இரண்டு தடவை ஏறிவிடும். எரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை.

பிஜி_டம்ப் (தரவை எல்லாம் ஒரு கோப்பாக எடுக்கும் கருவி) எடுத்து நேராக போஸ்ட்கிரஸ் 17-ல் ஏற்றுங்கள், இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகக் கட்டப்படும். டம்ப் எடுக்க 17-ன் பிஜி_டம்பையே பயன்படுத்துங்கள். கடை மூடியிருக்கும் நேரம் போதாதென்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன்; அது வரிகளை மட்டும்தான் அனுப்பும், இண்டெக்ஸைப் புது சர்வரே கட்டிக்கொள்ளும்.

சரி, ஓஎஸ். யம் (மென்பொருள் நிறுவும் கருவி), எஸ்இலினக்ஸ் (பாதுகாப்பு அமைப்பு) எல்லாம் சென்ட்ஓஎஸ்ஸில் உங்களுக்குப் பழகியது, அதனால் ராக்கி 9. 2032 வரை அப்டேட் வரும். எனக்கு டெபியன்தான் பிடிக்கும், ஆனால் ராத்திரி போன் வந்தால் எழுந்து உட்காரப்போவது நீங்கள். எதைப் போட்டாலும் ஓவர்கமிட்டை (இருப்பதைவிட அதிக மெமரி தர கர்னல் ஒப்புக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 2 ஆக்குங்கள்; இல்லாவிட்டால் மெமரி தீரும்போது கர்னல் போஸ்ட்கிரஸையே கொன்றுவிடலாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ரெப்ளிகாவைக் கைவிட்டாயிற்று. அடுத்த முறையும் இதே தொல்லை வராமலிருக்க லொகேலை (மொழி, வரிசை விதிகளின் அமைப்பு) சி (C) என்று வைத்துவிடலாமா? வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன.

பதில் 2:
வைக்கலாம், பேட்ச் எண்ணுக்கு அதுதான் நல்லது, வேகமும் கூட. ஆனால் சி-யில் யூனிகோட் எண்படிதான் அடுக்கும்: ந-வுக்கு அடுத்தே ன வரும், ழ-வுக்கு முன்னால் ள. பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை சண்டைக்கு வருவார். பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் ஐசியூவின் (ICU, யூனிகோட் நூலகம்) தமிழ் கொலேஷன் (அடுக்கும் விதி) கொடுங்கள்.