விசர்ட்ரி புதிய பதிப்பு: 2003இல் கீறிய வரைபடம் இன்னும் பொருந்துமா?

உவர்மலைக்காரன்:

விசர்ட்ரி என்ற பழைய கணினி விளையாட்டின் முதலாம் பாகத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் பதிப்பை, இணையத்தில் விளையாட்டு விற்கும் ஸ்டீமில் மூன்று வாரமாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். இன்னும் வாங்கவில்லை. விளையாடியவர்கள் இருந்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள். என்ன கேட்கிறேன் என்று விளங்குவதற்கு எங்கள் கதையையும் கொஞ்சம் கேட்கவேண்டும்.

2003, சமாதான காலம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாம் வரிசையாக ஊருக்கு வந்துபோன வருடம். கனடாவில் இருந்து வந்த மச்சான் ஒருவர் சொக்லேட்டோடு ஒரு சிடியும் கொண்டுவந்தார். விசர்ட்ரியின் முதல் ஏழு பாகங்களும் அதில் இருந்தன. நானும் தம்பியும் முதலாவதைத் திறந்தோம். கறுப்புத் திரையில் சில வெள்ளைக் கோடுகள். அதுதான் பாதாளம். மொத்தம் பத்துத் தளம், ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டம். எங்கே நிற்கிறோம் என்று காட்ட வரைபடம் எதுவும் கிடையாது.

தம்பியின் கணக்குப் பாடத்துச் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று பாதி வெறுமையாகக் கிடந்தது. நான் ஓர் அடி வைத்துவிட்டு "முன்னுக்குச் சுவர், வலப்பக்கம் கதவு" என்பேன். அவன் கீறுவான். ஒரு தளத்தில் நடந்துகொண்டே போனபோது அவனுடைய கோடு தாளை விட்டே வெளியே போய்விட்டது. நான் பிழையாகச் சொன்னேனா, அவன் பிழையாகக் கீறினானா என்று இரண்டு நாள் சண்டை. பிறகுதான் பிடிபட்டது: கிழக்கு விளிம்பைத் தாண்டினால் மேற்கு விளிம்பில் வந்து நிற்போம். அந்த இடத்தில் அவன் சிவப்புப் பேனையால் போட்ட அம்புக்குறி இப்போதும் மங்காமல் இருக்கிறது.

நாலாம் தளம்வரை போனோம். அங்கே ஓர் அறையில் மந்திரவாதிகளும் நிஞ்சாவும் சேர்ந்த கூட்டம் எங்கள் குழுவின் ஆறு பாத்திரங்களையும் முடித்துவிட்டது. இந்த விளையாட்டில் செத்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பார்கள். புதிதாக ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு போய்த்தான் தூக்கி வரவேண்டும். சேர்க்கத் தொடங்கியிருந்தோம். அந்த மாரியில் கொம்பியூட்டரின் போர்ட் எரிந்துபோனது. சிடியும் எங்கேயோ போய்விட்டது. கொப்பியை மட்டும் அம்மா கரண்ட் பில்களோடு பத்திரமாக வைத்திருந்தார்.

தம்பி இப்போது மெல்பேர்னில். என் மகளுக்கு 11 வயது.

இதுதான் கேள்வி. புதிய பதிப்பில் உள்ளது அதே பாதாளம்தானா? எங்கள் நாலு தளத்து வரைபடமும் செல்லுமா? அடுத்தது, இதில் வரைபடத்தை விளையாட்டே கீறிவிடுமாம். அப்படியென்றால் கொப்பிக்கு என்ன வேலை? அந்தக் கீறும் வேலையை மகளிடம் கொடுக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. லப்டொப்பும் கொஞ்சம் பழையது. டொலரில் கட்டுகிற காசு, மாதச் சம்பளத்தில் வாழ்கிறவன், அதனால் அவசரப்பட விரும்பவில்லை.

நிலாவெளி நண்டு:

அண்ணா, அந்தக் கொப்பியை முதலில் ஒரு நல்ல உறையில் போட்டு வையுங்கள்.

அதே பாதாளம்தான். புதிய பதிப்பைச் செய்த டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் இதைப் புதிதாக எழுதவில்லை. 1981இல் அண்ட்ரூ கிரீன்பேர்க்கும் ரொபேர்ட் வூட்ஹெட்டும் அப்பிள் 2 கணினிக்கு எழுதிய நிரலையே அடியில் ஓடவிட்டு, அதன் மேலேதான் புதிய படங்களையும் சத்தத்தையும் வைத்திருக்கிறார்கள். விளையாடும்போதே பழைய அப்பிள் திரையையும் மூலையில் காட்டச் சொல்லலாம். நீங்கள் ஓர் அடி வைத்தால் அங்கேயும் ஓர் அடி. நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கும், மகளுக்குக் காட்டுங்கள். நான் பல நேரம் பெரிய படத்தை விட்டுவிட்டு அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

தானாகக் கீறும் வரைபடம் இருப்பது உண்மை. அதைப் பார்க்காமலே ஆடுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்?

2023 செப்டெம்பரில் முழுமையடையாத முன்பதிப்பாக வெளியிட்டார்கள், 2024 மே மாதம் முழுதாக வந்தது. இப்போது வாங்குவது முழுப் பதிப்பு. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இதன் இசைக்கு வினிஃப்ரெட் பிலிப்ஸ் 2025இல் கிராமி விருது வாங்கினார்.

லப்டொப்பைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் காசைத் திருப்பிக் கேட்கலாம். இறுகினால் அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.

கிண்ணியா ராத்தா:

தம்பி, எல்லோரும் வாங்கு என்றுதான் சொல்வார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

போன வருடம் மகனுக்காக வாங்கினேன், அவனுக்கு ஒன்பது வயது. படம் அழகு, அதில் குறை இல்லை. ஆனால் விதி பழைய விதி. செத்தவரைக் கான்ட் கோவிலுக்குக் கொண்டுபோய்க் காசு கட்டி உயிர்ப்பிக்கவேண்டும். அது தவறினால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலில் இருந்து எழுப்புவதும் தவறினால் அந்த ஆள் பட்டியலிலேயே இல்லை. மகன் தன் பூசாரிக்கு வாப்பும்மாவின் பெயரை வைத்திருந்தான். அவ மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. திரையில் சாம்பல் என்று வந்ததும் பிள்ளை எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும், குசினியில் நின்றேன்.

அதனால், வாங்குவதென்றால் வாங்குங்கள், மகளைத் தனியே விட்டுவிடாதீர்கள். வீட்டு ஆட்களின் பெயரை வைக்கவிடாதீர்கள்.

இன்னொன்று. முந்தி அசையாத சின்னப் படமும் எழுத்துமாக ஓடிய சண்டை இப்போது உருவமாக அசைகிறது. எழுத்தாக வந்தபோது எலும்புக்கூடு எப்படி அசையும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். எனக்கு அதுதான் அதிகம் பயம் தந்தது.

டொக்யாட் வீதி:

உங்களை முடித்த அந்த அறையை வென்றால் ஒரு நீல ரிப்பன் கிடைக்கும். அது இருந்தால் இரண்டாவது லிப்டில் ஏறலாம், நாலாம் தளத்தில் இருந்து ஒன்பதுவரை போகும். 5, 6, 7, 8 நான்கிலும் கால் வைக்காமலே, கடைசித் தளத்தில் இருக்கும் எதிரி மந்திரவாதி வெர்ட்னாவிடம் போகிறவர்கள்தான் கூட. அதாவது, 2003இல் நீங்கள் நினைத்ததைவிட முடிவுக்குக் கிட்டத்தில்தான் நின்றிருக்கிறீர்கள்.

வெர்ட்னாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னால் இருந்து வாசித்துப் பாருங்கள், அண்ட்ரூ வரும். கதையில் வரும் அரசன் ட்ரெபோரும் அப்படித்தான், ரொபேர்ட். விளையாட்டை எழுதிய இருவரின் பெயர்கள். மகளிடம் சொல்லாமல் அவளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

நாலாம் தளத்துக்கு அவசரப்படாதீர்கள். முதல் தளத்தில் மேர்பியின் ஆவி வரும் அறை ஒன்று இருக்கிறது. அது பெரிதாக அடிக்காது, ஆனால் அனுபவப் புள்ளி தாராளம். அங்கே பலமுறை போய்ப் பலத்தைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். காசு யோசனை என்றால் ஜூன் கடைசியிலும் டிசெம்பரிலும் ஸ்டீமில் மலிவு விற்பனை வரும், அதுவரை பொறுத்தாலும் பாதாளம் எங்கேயும் போகாது.

உவர்மலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பொறுக்க முடியவில்லை, வாங்கிவிட்டேன். லப்டொப் சூடாகிறது, ஆனால் ஓடுகிறது.

ராத்தா, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். 2003இல் எங்கள் பூசாரியின் பெயரும் அம்மம்மாதான். அவர் அப்போது உயிரோடு இருந்தார், அதனால் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தமுறை மகளிடம் ஊர்ப் பெயர்களை வைக்கச் சொன்னேன். நிலாவெளி, மூதூர், கன்னியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவதாகப் பூசாரிக்குச் சாம்பல்தீவு என்று எழுதப் போனாள். அது மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். கிண்ணியா என்று மாற்றினாள்.

சனிக்கிழமை கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்துத் தம்பிக்கு வட்ஸப்பில் அனுப்பிவிட்டு, வீடியோவில் அவனையும் கூப்பிட்டேன். அங்கே அவனுக்கு இரவாகிவிட்டது, ஆனாலும் இருந்தான். மகளிடம் புதுச் சதுரக்கோட்டுக் கொப்பி, பழையது என் மடியில். அவளுக்கு அதைக் காட்டவில்லை. அவள் கீற, நான் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். கட்டம் கட்டமாகப் பொருந்தியது. முதல் தளத்தில் ஒரு பகுதியைத் தம்பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து முழுதாகக் கறுப்படித்து வைத்திருந்தான். மகள் நடந்துகொண்டே வந்தாள், சரியாக அந்தக் கட்டத்தில் திரை இருண்டது. "அப்பா, லப்டொப் நின்றுவிட்டதா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான்.

ஒரே ஓர் இடம் பொருந்தவில்லை. மகள் கதவு கீறிய இடத்தில் பழைய கொப்பியில் வெறும் சுவர். திரும்பப் போய்ப் பார்த்தோம், கதவுதான். தம்பியிடம் கேட்டால், "அண்ணா, நீங்கள் அந்த இடத்தில் கதவு என்று சொல்லவே இல்லை" என்கிறான். நான் சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த சனி இரண்டாம் தளம்.