மண்டபம் ஊரில் டிரை ஐஸ் ஓவர்கிளாக்: 15 நிமிடத்தில் 55 காட்டி நின்றுவிடுகிறது

மண்டபம்77:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஓவர்கிளாக், அதாவது கம்ப்யூட்டர் சிப்பைக் குளிர்வித்து அதன் வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கிறேன். சிப் ஐ7-3770கே (இன்டெலின் ஐவி பிரிட்ஜ் வகை), இசட்77 போர்டு, சிப்பின்மேல் உட்காரும் செம்புப் பாட் (குளிர்பொருள் போடும் குவளை). டிரை ஐஸும் அசிட்டோனும் போட்டு பாட் மைனஸ் 70 டிகிரி. 1.55 வோல்ட்டில் 5.4 கிகாஹெர்ட்ஸ் பூட் ஆகிறது. 15 நிமிடம் கழித்து ரீஸ்டார்ட் செய்தால் போர்டில் கோளாறு எண் காட்டும் டீபக் எல்இடியில் 55 வந்து அப்படியே நிற்கிறது. சிப் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம், 10 மில்லிமீட்டர். அறையில் வெப்பம் 32, ஈரப்பதம் 80. இது கோல்ட் பக்தானா (அதிகக் குளிரில் சிப் ஓட மறுப்பது), இல்லை ராம் மெமரி போய்விட்டதா?

கீழக்கரை ரிக்:
தம்பி, 55 என்றால் ராம் தெரியவில்லை என்று போர்டு சொல்கிறது. முதலில் குளிரா தண்ணீரா என்று பிரித்துவிடுங்கள். ஹீட் கன்னால் பாட்டை மைனஸ் 30 வரை ஏற்றுங்கள். பூட் ஆனால் கோல்ட் பக். ஆகாவிட்டால் தண்ணீர். ஐவி பிரிட்ஜ் குளிரை நன்றாகவே தாங்கும் சிப், மைனஸ் 70-க்கு அது முரண்டு பிடிக்காது. எனக்குத் தண்ணீர்மேல்தான் சந்தேகம்.

நீங்கள் சொன்ன 32-க்கும் 80-க்கும் பனிநிலை சுமார் 28 டிகிரி. அதற்குக் கீழே போகிற எந்த இடமும் வேர்க்கும். போர்டுக்குள் இருக்கும் செம்புத் தளம் சாக்கெட்டின் குளிரை ராம் ஸ்லாட் வரை கொண்டுபோகிறது. ஃபோம் சாக்கெட்டோடு நின்றுவிட்டதால் ஸ்லாட்டுக்குள்ளே நீர் கோத்திருக்கும்.

இதோடு உப்பும் சேர்கிறது. நம் கடற்கரைப் பக்கம் கச்சான் காற்று அடித்தாலும் கொண்டல் காற்று அடித்தாலும் போர்டில் உப்பு படியத்தான் செய்யும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியும். அடுப்படி உப்பு ஜாடியின் அடியில் தேங்குமே, அதே நீர்தான் பின்களுக்கு நடுவிலும் நிற்கிறது. வெறும் பனித்துளி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். பலர் 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்துவிட்டு சுத்தம் என்று நினைக்கிறார்கள். ஐபிஏவில் உப்பு கரையாது. போர்டிலுள்ள சிமாஸ் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய பிரஷுமாக முதலில் கழுவுங்கள். பிறகு ஐபிஏ ஊற்றி அந்த நீரை விரட்டி, ஒரு நாள் ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

காய்ந்தபின் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டில் ஈரம் படாமல் காக்கும் பூச்சு), முன்னும் பின்னும் இரண்டு கை. சாக்கெட், ராம் ஸ்லாட், பிசிஐ ஸ்லாட் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். ராம் ஸ்லாட்டுக்குள் வாசலின் நிரப்பி, அதன்மேல் ராமைச் செருகுங்கள். வாசலின் மின்சாரம் கடத்தாது, பின் அழுத்தத்தில் தானே விலகிக்கொள்ளும். சாக்கெட்டைச் சுற்றி ஓவியர்கள் பிசைந்து பயன்படுத்தும் ரப்பரை அழுத்தி நிரப்புங்கள். ஃபோமுக்கும் போர்டுக்கும் நடுவே காற்றுப்பை இருந்தால் ஈரம் புகுந்து அங்கேதான் உறையும். உங்கள் போர்டில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான். பின்பக்கம் 10 மில்லிமீட்டர் போதாது, இரண்டு அடுக்காகப் போட்டு ராம் ஸ்லாட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் வரை மூடுங்கள்.

இன்னொன்று. ஐவி பிரிட்ஜில் சிப்பின் உலோக மூடிக்கு அடியில் சால்டர் கிடையாது, பேஸ்ட்தான். குளிரில் அது விரிசல் விட்டால், பாட் மைனஸ் 70 காட்டும்போதே கோர் சூடேறும். டீலிட் செய்து, அதாவது அந்த மூடியைக் கழற்றி, குளிருக்கு ஏற்ற பேஸ்ட் போடாமல் வோல்டேஜை மேலே ஏற்றாதீர்கள்.

தொண்டி பெஞ்ச்:
பாய் போர்டைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். ஈரத்துக்குப் பயந்து இனி ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. 10-க்கு 10 அடி அறையில், 10 அடி உயரத்துக்கு, மொத்தக் காற்றே சுமார் 28,000 லிட்டர். 2 கிலோ கரைந்தால் சுமார் 4 சதவீதம், அது உயிருக்கே ஆபத்தான அளவு. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும். ஃபேனைத் தரைமட்டத்தில் வைத்து வாசல் பக்கம் தள்ளிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து பெஞ்ச் (வேகச் சோதனை) போடவே வேண்டாம். அசிட்டோன் ஆவிக்குத் தீப்பொறி போதும், பாட்டுக்குள் அசிட்டோன் இருக்கிறவரை ஹீட் கன்னை எடுக்காதீர்கள். முதலில் அதை வெளியே ஊற்றிவிடுங்கள்.

மண்டபம்77:
ரொம்ப நன்றி பாய், நன்றி அண்ணே. ஹீட் கன்னில் மைனஸ் 30 வரை ஏற்றியும் அதே 55 தான், அப்போது தண்ணீரேதான். அடுத்து லிக்விட் நைட்ரஜன் போகலாமா? இங்கே கால்நடை மருந்தகத்தில் கேன் இருக்கிறது.

தொண்டி பெஞ்ச்:
அந்தக் கேனில் கை வைக்க வேண்டாம் தம்பி. சினை ஊசிக்கான விந்துக்குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். நைட்ரஜன் மட்டம் இறங்கினால் குச்சிகள் பாழ், நஷ்டம் மாடு வளர்ப்பவருக்கு. மதுரையில் கேஸ் டீலர்களிடம் விசாரியுங்கள். எடுத்துவர மூடி இறுகாத டூவார் கேன் (ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர்க் கேன்) வேண்டும், இறுக மூடினால் வெடிக்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டும் வராதீர்கள். ஒரு லிட்டர் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். முன்பு சொன்ன அறையிலேயே 5 லிட்டர் ஆவியானால் ஆக்சிஜன் 21-லிருந்து 18 பக்கம் இறங்கிவிடும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது.

கீழக்கரை ரிக்:
மைனஸ் 196-க்குப் போகுமுன் இன்சுலேஷனை மலிவாகச் சோதித்துக்கொள்ளலாம். ஐஸ் ஃபேக்டரியில் மீனுக்கு உடைத்துத் தரும் ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. கலந்தால் மைனஸ் 15-க்குக் கீழே போகும். அதைக் கெட்டிப் பாலித்தீன் பையில் கட்டிப் பாட்டுக்குள் இறக்கி, இடைவெளியில் ஐபிஏ ஊற்றுங்கள். உப்புநீர் ஒரு துளிகூட போர்டில் படக்கூடாது. கரண்ட் கொடுக்க வேண்டாம். ஃபோமுக்கு அடியிலும் ராம் ஸ்லாட் ஓரத்திலும் டிஷ்யூத் துண்டுகளை முன்பே வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அங்கே ரப்பர் போதவில்லை. எல்லாத் துண்டும் காய்ந்து வந்தபிறகு மதுரைக்கு வண்டி எடுங்கள்.